எண்ணெய் இஞ்சினின் வார்ப்பிரும்புப் பாகங்களை வீட்டில் அபாயமின்றிச் சுத்தம் செய்யும் முறை

கிணற்றிலிருந்தும் ஆற்றுக் காலிலிருந்தும் நீரிறைப்பதற்கு எண்ணெய் இஞ்சினை உபயோகிக்கும் வழக்கம் நமது நாட்டில் நூறாண்டுகளுக்கு மேற்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டிலேயே ஆல்பிரட் சாட்டர்டன் என்பவர் சென்னை மாகாணத்தில் இம்முறையைப் பரிசோதித்துப் பார்த்து, குடியானவர்களிடையே பரவச் செய்ய முயன்றார். 1930-ஆம் ஆண்டை ஒட்டி, இங்கிலாந்திலுள்ள டர்ஸ்லி என்னும் ஊரில் லிஸ்டர் கம்பெனியார், நிமிஷத்திற்கு 600 சுற்றுச் சுற்றும் 5 குதிரைச் சக்தி டீசல் இஞ்சினைச் செய்து விற்கத் தொடங்கினர். அம்மாதிரியைத் தழுவிய இஞ்சின்கள் பின்னர் குஜராத்திலுள்ள ராஜ்கோட்டில் பெருவாரியாகச் செய்யப்பட்டன. மின்சார மோட்டார்கள் பரவிய பிறகும், மின்சாரம் எட்டாத வயல்களிலும், மின்சாரம் நின்றுபோகும் சமயங்களிலும் இவ்வித இஞ்சின்கள் குடியானவர்களுக்கு இன்றும் உதவி வருகின்றன.

இந்த இஞ்சின்களில் சிலிண்டர், அதன் மேல்மூடியாகிய ஹெட், கிராங்கு அறை, பளுச்சக்கரம் ஆகிய பெரும் பாகங்கள் யாவும் வார்ப்பிரும்பாலானவை. தக்கபடி பராமரித்தால் இவை தந்தை காலத்திலிருந்து மகன் காலம் வரை உழைக்கும். பராமரிப்பில் முதன்மையானது பாகங்களில் படிந்த எண்ணெய்ப் பிசுக்கை அவ்வப்போது நீக்குதலாகும். இவ்வேலை கடினமானதன்று. வீட்டுக் களத்திலேயே எவரும் செய்துகொள்ளலாம். ஆயினும் இதைச் செய்யும்போது தீக்காயம் பட்டோரும், கண் கெட்டோரும் உண்டு. அத்தீங்கு இஞ்சினால் வருவதன்று. சுத்தம் செய்வதற்கென்று கையாளும் திரவத்தால் வருவது. ஆகையால் எந்தத் திரவத்தை, எந்த இடத்தில், எவ்வாறு உபயோகிக்க வேண்டும் என்பதை இங்கே விவரிப்போம்.

பிசுக்கை நீக்குவதன் அவசியம்

இஞ்சினின் மேற்புறத்தில் கசியும் எண்ணெய், வயற்காட்டுத் தூசியோடும் வைக்கோற் பொடியோடும் கலந்து தடித்த தோலைப்போல் ஒட்டிக்கொள்கிறது. இதனால் நான்கு தீமைகள் விளைகின்றன. முதலாவது, இஞ்சினின் உஷ்ணம் வெளியேறுவது தடைப்படுகிறது. இரண்டாவது, எண்ணெய் எந்த இடத்திலிருந்து கசிகிறது என்பதும், வார்ப்பில் வெடிப்புக் கண்டிருக்கிறதா என்பதும் கண்ணுக்குப் புலப்படாமற் போகின்றன. மூன்றாவது, பழுது பார்ப்பதற்காக இஞ்சினைத் திறக்கும்போது மேலே படிந்த மணல் உள்ளே விழுந்து, சிலிண்டரையும் பேரிங்குகளையும் அரத்தைப்போல் தேய்த்துவிடுகிறது. நான்காவது, புகைக்குழாயின் அருகே எண்ணெய் ஊறிய குப்பை சேர்ந்திருந்தால் அது தீப்பற்றக்கூடும். வைக்கோற் போர் அருகிலிருக்கும் களத்தில் இதனை அற்பமாக எண்ணலாகாது.

வார்ப்பிரும்பின் தன்மை

வார்ப்பிரும்பில் நூற்றுக்கு இரண்டு முதல் நான்கு பங்கு வரை கரி கலந்திருக்கிறது. இஞ்சின்களுக்கு வழங்கும் சாம்பல்நிற வார்ப்பிரும்பில் அக்கரியின் பெரும்பகுதி, பென்சிலில் உள்ள கிராபைட்டைப் போன்ற மெல்லிய தகடுகளாக இரும்பினூடே பரவி நிற்கிறது. இதனால் மூன்று விஷயங்கள் கவனிக்கத்தக்கன.

முதலாவது, இது நொறுங்கும் இயல்புடையது. சூடாக இருக்கும் வார்ப்பின்மேல் குளிர்ந்த நீரை ஊற்றினாலும், ஒரு பக்கத்தை மட்டும் திடீரென்று சூடாக்கினாலும் வெடித்துவிடும். இரண்டாவது, இதன் நுண்ணிய துளைகளில் எண்ணெய் ஊறி நிற்கும். எனவே, மேலே துடைத்த மாத்திரத்தில் சுத்தமாகிவிட்டதென்று கருதலாகாது. மூன்றாவது, முற்றும் சுத்தமான வார்ப்பிரும்பை வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்தாலும் சிறிது கறுப்பு ஒட்டும். அது அழுக்கன்று, கிராபைட்டேயாகும். அதனை அழுக்கென்று எண்ணி மேன்மேலும் கடுமையான திரவங்களைத் தேடுவது வீண் செலவும் வீண் அபாயமுமாகும்.

எண்ணெய் நீங்கிற்றா என்று அறிவதற்குத் துணியைவிடத் தண்ணீரே நல்ல உரைகல். பாகத்தின்மேல் சிறிது நீர் தெளித்தால், எண்ணெயுள்ள இடத்தில் அது தாமரையிலை நீர்போல் முத்துமுத்தாக நிற்கும். எண்ணெய் நீங்கிய இடத்தில் ஒரே படலமாகப் பரவும்.

பெட்ரோலை உபயோகிக்கலாகாது

பிசுக்கைக் கரைப்பதற்குப் பலர் எளிதில் நாடுவது பெட்ரோல். அது விரைவாகக் கரைக்கும், விரைவாக உலரும் என்பது உண்மையே. ஆனால், அந்த விரைவிலேதான் அபாயம் அடங்கியிருக்கிறது. எரிவது திரவமன்று, திரவத்திலிருந்து எழும் ஆவியே எரிகிறது. ஒரு திரவம் தீப்பொறி பட்டவுடன் பற்றிக்கொள்ளக்கூடிய அளவு ஆவியை எந்த உஷ்ண நிலையில் வெளிவிடத் தொடங்குகிறதோ, அந்நிலையைக் கொண்டு அதன் அபாயத்தை அளக்கலாம். பெட்ரோலுக்கு அந்நிலை சுழியத்திற்குக் கீழே ஏறக்குறைய 40 டிகிரி சென்டிகிரேடு. அதாவது, நமது நாட்டில் எந்தக் குளிர்காலத்திலும், எந்த நள்ளிரவிலும் பெட்ரோல் தீப்பற்றச் சித்தமாகவே இருக்கிறது.

பெட்ரோல் ஆவி காற்றைக் காட்டிலும் மூன்று நான்கு மடங்கு கனமானது. அது மேலே எழுந்து கலைந்துவிடாமல் தரையோடு தரையாகத் தவழ்ந்து செல்லும். களத்தில் ஒருவர் தட்டில் பெட்ரோலை ஊற்றிப் பாகத்தைக் கழுவிக்கொண்டிருக்க, பல அடி தூரத்திலுள்ள அடுப்பங்கரையை அவ்வாவி கண்ணுக்குத் தெரியாமல் சென்று சேரக்கூடும். காற்றில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு கலந்தாலே அது பற்றிக்கொள்ளும். பற்றிய தீ ஆவி வந்த வழியே திரும்பி ஓடிவந்து, தட்டையும் அதனருகில் இருப்பவரையும் பிடித்துக்கொள்ளும். பீடி நெருப்பு, மோட்டார் சுவிட்சின் பொறி, கல்லில் இரும்பு உரசும் பொறி ஆகிய ஒவ்வொன்றும் இதற்குப் போதுமானது. மேலும், பெட்ரோலில் உள்ள பென்ஸீன் என்னும் வஸ்து ரத்தப் புற்றுநோயை உண்டாக்கவல்லது; அது மூச்சின் வழியாகவும் தோலின் வழியாகவும் உடலிற் சேரும். ஆகவே, இவ்வேலைக்குப் பெட்ரோலைச் சிறிதளவும் உபயோகிக்காதிருப்பதே உத்தமம்.

மண்ணெண்ணெயும் டீசலும்

பெட்ரோலை நோக்க இவை அபாயம் குறைந்தவை. நமது நாட்டுத் தர நிர்ணயப்படி, 35 டிகிரி உஷ்ணத்திற்குக் கீழ் இவற்றின் ஆவி தீப்பற்றும் நிலையை அடையலாகாது. இவ்வெண்ணைக் குடியானவர்கள் நன்கு மனத்திற் கொள்ள வேண்டும். வேலூர், திருத்தணி போன்ற இடங்களில் கோடையில் நிழலிலேயே உஷ்ணம் 40 டிகிரியைத் தாண்டுகிறது. வெயிலிற் கிடக்கும் இரும்பின் சூடு அதனினும் அதிகம். அவ்விதம் காய்ந்த இரும்பின்மேல் ஊற்றிய மண்ணெண்ணெய், தீப்பற்றும் விஷயத்தில் பெட்ரோலுக்குச் சமீபத்தில் வந்துவிடுகிறது. ஆகையால் இவ்வேலையைக் காலை வேளையில், நிழலில், முற்றும் ஆறிய பாகங்களைக்கொண்டே செய்ய வேண்டும். வார்ப்பிரும்பு வெகுநேரம் சூட்டைத் தாங்கி நிற்குமாதலால், இஞ்சினை முதல்நாள் மாலையிலேயே நிறுத்திவிடுதல் நலம்.

இவற்றை ஒருபோதும் சூடாக்கலாகாது. பம்பினால் பனிபோல் தெளிக்கவும் கூடாது. ஏனெனில் நுண்துளிகளாகப் பிரிந்த எண்ணெய் குறைந்த உஷ்ணத்திலும் பற்றிக்கொள்ளும். எண்ணெய் ஊறிய துணியும் விளக்குத் திரியைப்போல் எளிதில் பற்றும்.

இடமும் சாமான்களும்

நாற்புறமும் காற்றோட்டமுள்ள வெளியிடமே தக்கது. பம்பு அறைக்குள்ளும், தாழ்வாரத்திலும், மாட்டுக்கொட்டிலிலும் செய்தலாகாது. அடுப்பு, வைக்கோற் போர், கிணறு ஆகியவற்றிலிருந்து இயன்ற அளவு விலகியிருத்தல் வேண்டும். டீசல் தொட்டியை மூடி அப்பால் வைக்கவேண்டும்.

வேண்டிய சாமான்களாவன: விளிம்புள்ள ஓர் இரும்புத் தட்டு, மூங்கிற் பட்டை அல்லது கடின மரத்தாற் செய்த சுரண்டி, பித்தளைக் கம்பி பிரஷ் ஒன்று, நார் பிரஷ் ஒன்று, பனியன் துணிக் கழிவு, ஒரு லிட்டர் மண்ணெண்ணெய் அல்லது டீசல், சலவைச் சோடா அரைக் கிலோ, சவுக்காரம், எண்ணெயால் கெடாத கையுறை, கண்ணாடி மூக்குத்தடுப்பு. இவற்றோடு ஒரு வாளி மணலும், நனைத்த கோணிச் சாக்கு ஒன்றும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கவேண்டும். எண்ணெய்த் தீயின்மேல் தண்ணீரை ஊற்றினால், எரியும் எண்ணெய் நீரின்மேல் மிதந்து பரவும். மணலைக் கொட்டியும் ஈரச் சாக்கினால் மூடியுமே அதனை அணைக்க வேண்டும்.

வேலையைத் தொடங்குமுன், ஒவ்வொரு பாகமும் எந்த உலோகத்தாலானது என்பதைக் காந்தத்தைக்கொண்டு அறிந்துகொள்ளுதல் அவசியம். வார்ப்பிரும்பைக் காந்தம் பற்றும். அலுமினியத்தையும் பித்தளையையும் பற்றாது. பல இஞ்சின்களில் பிஸ்டன் அலுமினியக் கலவையாலானது. இதனைத் தனியே எடுத்து வைத்துவிட வேண்டும். காரணம் பின்னர்க் கூறப்படும்.

செய்முறை

1. முதலிற் சுரண்டுதல். தடித்த பிசுக்கைத் திரவம் எதுவுமின்றியே சுரண்டியினால் எடுத்துவிட வேண்டும். அழுக்கின் பெரும்பகுதி இதனாலேயே நீங்கும். எண்ணெய்ச் செலவும் அவ்வளவுக்குக் குறையும். ஹெட் சிலிண்டரோடு பொருந்தும் வழவழப்பான முகத்திலும், வால்வு அமரும் இடத்திலும் உளியையோ, உப்புத்தாளையோ உபயோகிக்கலாகாது. அங்கே ஒரு கீறல் விழுந்தால் அமுக்கம் கசியும். மிகப் பழைய இஞ்சினின் வண்ணப் பூச்சில் ஈயம் கலந்திருக்கக் கூடுமாதலால், அதனை உலர்ந்த நிலையில் தேய்த்துத் தூசி எழுப்பாமல், நனைத்தே சுரண்டவேண்டும்.

2. எண்ணெயாற் கழுவுதல். தட்டில் சிறிதளவே மண்ணெண்ணெய் ஊற்றி, நார் பிரஷினால் தோய்த்துத் தேய்க்கவேண்டும். காய்ந்து கெட்டியான இடத்தில் எண்ணெய் தோய்த்த துணியைச் சுற்றி, அரைமணி நேரம் ஊறவிட்டுத் தேய்த்தால் இளகிவரும். பின்னர் உலர்ந்த துணியால், ஈரம் தோன்றாதவரை துடைத்துவிட வேண்டும். மிஞ்சிய எண்ணெயை மூடியுள்ள தகர டப்பாவில் ஊற்றி அகற்றிய பிறகே அடுத்த வேலைக்குச் செல்லலாம்.

3. சோடா நீராற் கழுவுதல். மண்ணெண்ணெய் அழுக்கைக் கரைக்குமேயன்றித் தானும் ஒரு மெல்லிய படலமாகத் தங்கிவிடும். அதனை நீக்குவது சலவைச் சோடா. பத்து லிட்டர் வெந்நீருக்கு அரைக் கிலோ சோடாவைக் கரைத்துச் சிறிது சவுக்காரமும் சேர்த்துக்கொள்ள வேண்டும். நமது சலவைத் தொழிலாளர் தொன்றுதொட்டு உவர்மண்ணைக்கொண்டு துணியின் எண்ணெய்க் கறையைப் போக்கி வந்ததும் இத்தன்மையாலேயே. நீரை அடுப்பில் காய்ச்சி, கழுவுமிடத்திற்குக் கொண்டுவர வேண்டும். எண்ணெய்ப் பாகத்தை அடுப்பண்டை கொண்டுசெல்லலாகாது. முதலில் வெதுவெதுப்பான நீரையும், பின்னர்ச் சூடான நீரையும் படிப்படியாக ஊற்றினால் வார்ப்பு வெடிக்காது.

4. சிறு பாகங்களை வேகவைத்தல். நன்றாகத் துடைத்து, எண்ணெய் வாடையும் இல்லாத சிறு வார்ப்பிரும்புப் பாகங்களைச் சோடா நீரில் அரைமணி முதல் ஒருமணி நேரம் வேகவைக்கலாம். பாகங்களைக் குளிர்ந்த நீரிலேயே இட்டு, நீரோடு சேர்ந்து சூடேறவிட வேண்டும். நுரை பொங்குமாதலால், பாத்திரத்தில் பாதிக்குமேல் நிரப்பலாகாது. பாத்திரம் இரும்பாக இருக்கவேண்டும். அலுமினியப் பாத்திரம் உதவாது. இதற்கு உபயோகித்த பாத்திரத்தை மறுபடியும் சமையலுக்கு எடுக்கலாகாது.

5. அலசி உலர்த்துதல். நல்ல வெந்நீரால் இரண்டு முறை அலசவேண்டும். வெந்நீரில் அலசிய இரும்பு தன் சூட்டினாலேயே விரைவில் உலர்ந்துவிடும்.

6. உடனே எண்ணெய் பூசுதல். எண்ணெய் முற்றும் நீங்கிய வார்ப்பிரும்பு, சில நிமிஷங்களிலேயே செந்துருப் பிடிக்கத் தொடங்கும். ஆகையால், உலர்ந்தவுடன் சிலிண்டரின் உட்புறத்திலும் கடைசல் பிடித்த முகங்களிலும் புதிய இஞ்சின் எண்ணெயை மெல்லியதாகத் தடவவேண்டும். தேங்காயெண்ணெய், கடலையெண்ணெய் முதலியன நாளடைவில் பிசின்போல் இறுகிவிடுமாதலால் இதற்கு ஏற்றவையல்ல.

சிலிண்டரின் உட்புறத்தைப் பட்டறையில் தேய்த்துப் புதுப்பித்து வந்திருந்தால், அதில் சாணைப் பொடி படிந்திருக்கும். மண்ணெண்ணெயால் துடைப்பது அப்பொடியைத் துளைகளுக்குள் தள்ளுமேயன்றி வெளியேற்றாது. வெந்நீரும் சவுக்காரமும் கொண்டு பிரஷினால் பலமுறை தேய்த்துக் கழுவுதலே சரியான முறை. பிறகு எண்ணெய் தோய்த்த வெள்ளைத் துணியால் துடைத்து, சாம்பல் நிறப் பொடி ஒட்டாத வரை தொடர்ந்து செய்யவேண்டும். இதனை அலட்சியம் செய்தால், புதுப்பித்த சிலிண்டர் வெகு சீக்கிரத்தில் தேய்ந்துபோம்.

காஸ்டிக் சோடாவும் தீயிலிட்டுச் சுடுதலும்

சிலர் வேலை துரிதமாக முடியவேண்டுமென்று காஸ்டிக் சோடாவை உபயோகிக்கின்றனர். அது கொழுப்பு வகை எண்ணெயைச் சவுக்காரமாக மாற்றிவிடும் வலிமையுடையது. அதே வலிமையால் தோலிலும் கண்ணிலும் உள்ள கொழுப்பையும் கரைத்துவிடும். ஒரு துளி கண்ணிற் பட்டாலும் பார்வை போகக்கூடும். அலுமினியத்தை அது அரித்துவிடுவதோடு, எளிதில் வெடிக்கும் ஹைட்ரஜன் வாயுவையும் எழுப்பும். சலவைச் சோடாவும், சூடாயிருக்கையில் அலுமினியத்தைக் கறுக்கச் செய்து அரிக்கும். பிஸ்டனைத் தனியே எடுத்து வைக்கச் சொன்னது இதனாலேயே. அதற்கு மண்ணெண்ணெயும் சவுக்கார நீருமே போதும்.

வீட்டு வேலைக்குச் சலவைச் சோடாவே போதுமானதாகையால், காஸ்டிக் சோடாவைப் பட்டறைக்காரரிடம் விட்டுவிடுதல் நலம். எக்காரணத்தாலேனும் அதைக் கரைக்க நேர்ந்தால், குளிர்ந்த நீரில் சோடாவைச் சிறிது சிறிதாக இடவேண்டுமேயன்றி, சோடாவின்மேல் நீரை ஊற்றலாகாது. ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். கண்ணிற் பட்டுவிட்டால், ஓடுகின்ற சுத்த நீரால் இருபது நிமிஷம் விடாமல் கழுவி, உடனே வைத்தியரிடம் செல்லவேண்டும். எலுமிச்சைச் சாறு முதலிய புளிப்புப் பொருள்களை விடலாகாது.

எருமுட்டைத் தீயிலோ வைக்கோற் தீயிலோ பாகங்களை இட்டுப் பிசுக்கை எரித்துவிடும் வழக்கமும் சில இடங்களில் உண்டு. இது வார்ப்பைக் கோணச் செய்யும், அல்லது வெடிக்கச் செய்யும். உள்ளே அடைபட்ட எண்ணெயும் ஈரமும் ஆவியாகிப் பாகம் சிதறவும் கூடும். புகையோ நச்சுத்தன்மையுள்ளது. இவ்வழக்கத்தை அறவே விட்டுவிட வேண்டும்.

குழந்தைகளும், கைகளும்

இவ்வேலையில் மிகக் கொடிய விபத்து சில சமயங்களில் தீயினால் அன்றி, ஒரு குவளையினால் நேரிடுகிறது. மண்ணெண்ணெயைக் குடிநீர்ச் சீசாவிலோ, டம்ளரிலோ ஊற்றிவைத்து, தாகத்தோடு ஓடிவரும் குழந்தை அதைத் தண்ணீரென்று குடித்துவிடுதல் நமது வீடுகளில் அடிக்கடி நிகழ்கிறது. மண்ணெண்ணெய் வயிற்றிற் செய்யும் கெடுதியைவிட, நுரையீரலிற் செய்யும் கெடுதியே பெரிது. வாந்தி எடுக்கச் செய்தால் அது மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். ஆகையால், உப்பு நீர் கொடுத்தோ, விரலை விட்டோ வாந்தியெடுக்கச் செய்யாமல், குழந்தையை உடனே ஆஸ்பத்திரிக்கு எடுத்துச் செல்லவேண்டும். உண்ணும் கலம், குடிக்கும் கலம் எதிலும் இவ்வெண்ணெயை ஊற்றிவைப்பதில்லை என்பதை ஒவ்வொரு வீட்டிலும் விதியாகவே கொள்ளவேண்டும்.

இஞ்சினில் உபயோகித்த பழைய எண்ணெயில், புற்றுநோயை உண்டாக்கும் வஸ்துக்கள் சேர்ந்திருக்கின்றன. ஆண்டுக்கணக்கில் எண்ணெயில் நனைந்த உடையோடு உழைத்த லங்காஷயர் நூல் ஆலைத் தொழிலாளருக்குத் தோற் புற்றுநோய் கண்டது 1922-ஆம் ஆண்டிலேயே வைத்தியர்களால் எழுதி வெளியிடப்பட்டது. எனவே கையுறை அணிதலும், எண்ணெய் பட்ட வேட்டியை அன்றே மாற்றுதலும் வேண்டும். கையைப் பெட்ரோலாலோ மண்ணெண்ணெயாலோ கழுவினால் அழுக்கு தோலினுள் ஊறுவதற்கே அது வழிசெய்யும். சிறிது தேங்காயெண்ணெயைத் தேய்த்துத் துடைத்து, பின்னர்ச் சவுக்காரத்தாலோ சீயக்காயாலோ கழுவினால் கை சுத்தமாகும்.

தீக்காயம் பட்டால் காயத்தின்மேல் இருபது நிமிஷம் குளிர்ந்த நீரை ஊற்றிக்கொண்டிருக்க வேண்டும். மை, நெய், மாவு முதலியவற்றைத் தடவலாகாது.

மிஞ்சிய எண்ணெயும் துணியும்

கழுவிய மண்ணெண்ணெயை இரண்டு நாள் அசையாமல் வைத்தால் மண்டி அடியிற் படியும். மேலே தெளிந்ததை இறுத்து, அடுத்த முறை முதற் கழுவலுக்கு உபயோகிக்கலாம். மண்டியையும் பழைய இஞ்சின் எண்ணெயையும் கிணற்றருகிலோ, வாய்க்காலிலோ, வரப்பிலோ கொட்டலாகாது. எண்ணெய் நீரின்மேல் படலமாகப் பரவி நெடுந்தூரம் செல்லும். மண்ணில் ஊறிக் கிணற்றையும் கெடுக்கும். இந்தியாவில் 2016-ஆம் ஆண்டின் அபாயக் கழிவு விதிகளின்படி, பழைய எண்ணெய் பதிவுபெற்ற சுத்திகரிப்பாளரையே சென்று சேரவேண்டும். மூடியுள்ள டப்பாவிற் சேர்த்துவைத்து, அவர்களுக்கு அனுப்பும் பட்டறையில் ஒப்படைத்தல் எளிய வழி.

எண்ணெய்த் துணிகளைக் குவியலாகப் போட்டுவைக்கலாகாது. ஆளிவிதை எண்ணெய் போன்று காற்றில் இறுகும் எண்ணெய்கள் ஊறிய துணி, குவியலிற் கிடந்தால் தானே சூடேறித் தீப்பற்றும். இஞ்சின் எண்ணெய்த் துணி அவ்விதம் தானே பற்றுவது அரிதாயினும், ஒரு பொறி பட்டால் போதும். அவற்றை மூடியுள்ள இரும்பு டப்பாவில் போட்டு, வீட்டிற்கும் போருக்கும் அப்பால் வைக்கவேண்டும்.

முடிவாக, இங்கே கூறியவற்றைச் சுருங்கச் சொல்லின், முதலில் சுரண்டியும், அடுத்து ஆறிய இரும்பில் சிறிதளவு மண்ணெண்ணெயும், அதன்பின் சோடாவும் வெந்நீரும், இறுதியில் புதிய எண்ணெயும் என்பதே முறை. பெட்ரோலால் அரைமணியில் முடியும் வேலை இம்முறையில் ஒரு முற்பகல் முழுவதும் கொள்ளலாம். ஆனால் அதற்கு வேண்டிய சாமான்கள் யாவும் மலிவானவை, சந்தையிற் கிடைப்பவை. நீரிறைக்கும் பருவம் தொடங்குமுன், ஓய்வுள்ள ஒரு நாளை இதற்கென்று ஒதுக்கிக்கொள்ளும் குடியானவருக்கு, இஞ்சினும் நீடித்து உழைக்கும். அவர் குடும்பத்தாருக்கும் தீங்கு நேராது.